வலக்கால் கியர், இடக்கால் பிரேக்

ஜூன் 3, செவ்வாய்

கோவைக்குப் போய் நரம்பு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தோம். இவருக்கு இடது கை நடுங்குவதும், நடக்கும்போது இடது கால் தரையோடு ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடுவதும் எப்போது வருகிறது, மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் கழித்து வருகிறது என்று தினமும் எழுதி வைக்கச் சொன்னார். அதற்காகத்தான் மருந்துக் கம்பெனிக்காரர்கள் என்றோ கொடுத்த இந்த டைரியைத் தேடி எடுத்தேன். எலும்பு முறிவு வார்டில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவள் நான். ரிப்போர்ட் எழுதுவது எனக்குப் புதிதில்லை.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். இனிமேல் இவர் இருசக்கர வண்டியைத் தொடவே கூடாது. அதை ஓட்டுகிறவரைப் பார்த்துச் சொல்லாமல் என்னைப் பார்த்துச் சொன்னார். ஏதோ நான்தான் தினமும் சாவியைக் கையில் கொடுத்து அனுப்புகிற மாதிரி.

பஸ்ஸில் உடுமலைப்பேட்டை வந்து சேர்ந்தோம். வீட்டுக்கு வந்ததும் இவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஷெட்டுக்குப் போய் புல்லட்டின் மேல் போட்டிருந்த படுதாவை உருவிவிட்டு டேங்கைத் துடைக்க உட்கார்ந்துவிட்டார்.

எழுபத்தொன்றாம் வருஷத்து வண்டி. மின்வாரியத்தில் லைன் ஃபோர்மேனாக இருந்தபோது, வால்பாறை எஸ்டேட் மேனேஜர் ஒருவரிடம் வாங்கினார். இப்போது வருகிற வண்டிகளில் இடது காலில் கியர், வலது காலில் பிரேக். இது அதற்கு நேர்மாறு. வலக்கால் கியர், இடக்கால் பிரேக். இவருக்கு ஒட்டிக்கொள்கிற கால் எது? இடக்கால். போன மாதம் ரயில்வே கேட்டில் பால் வண்டியின் பின்னால் போய் இடித்தார். "பிரேக் பிடிக்கல" என்றார். பிரேக் பிடிக்கும். கால்தான் போகவில்லை. முட்டியில் சிராய்ப்போடு போனது எங்கள் நல்ல காலம்.

மாத்திரை மூன்று வேளையும் போட்டாயிற்று. சாயங்காலம் கை நடுக்கம் கொஞ்சம் அதிகம்.

ஜூன் 4, புதன்

காலையில் நான் குளிக்கப் போன நேரம் பார்த்து, வண்டியை எடுத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். வீட்டில் டீ இல்லையா? அந்த டப்டப் சத்தம் தெரு முனையில் திரும்பக் கேட்கும்வரை வாசலில் ஈரத்தலையோடு நின்றேன். டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். "டீக்கடை வரைக்குந்தான அம்மிணி" என்றார்.

ஜூன் 5, வியாழன்

ஒரு காரியம் செய்துவிட்டேன். மகள் வளர்மதிக்குக்கூடச் சொல்லவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் மண்டை வெடித்துவிடும்.

அந்த வண்டியில் இஞ்சினுக்கு வலப்பக்கம் வட்டமாக ஒரு சின்ன மூடி உண்டு. உள்ளே துவரம்பருப்பு அளவில் இரண்டு பாயிண்ட். ஒன்றோடு ஒன்று தொட்டுத் தொட்டு விலகும். அது விலகினால்தான் பிளக்கில் பொறி வரும், பொறி வந்தால்தான் இஞ்சின் ஓடும். மாதம் ஒருமுறை இவர் கெட்டியான காகிதத்தை நடுவில் விட்டு இழுத்துச் சுத்தம் செய்வார். டார்ச் பிடிப்பது நான். கல்யாணமான நாளிலிருந்து பிடித்துக் கொடுக்கிறேன். சினிமாவுக்குக் கூட்டிப் போனதைவிட டார்ச் பிடிக்கக் கூப்பிட்டதுதான் அதிகம்.

இன்று மத்தியானம் இவர் தூங்கும்போது மூடியைக் கழற்றினேன். கொடுமுடியில் இருக்கும் சொந்தக்கார ஒறம்பரை வீட்டிலிருந்து வந்த கல்யாணப் பத்திரிகையின் ஓரத்தைக் கத்தரித்து, இரண்டு பாயிண்டுக்கும் நடுவில் செருகினேன். மூடியை மாட்டிவிட்டேன். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. இனி எந்த மன்னாதி மன்னன் உதைத்தாலும் அது ஓடாது.

எத்தனையோ பேருக்குத் தையல் பிரித்த கை. ஒரு ஸ்குருவைத் திருகும்போது இப்படி நடுங்கியது. இவர் கை நடுக்கமே தேவலை போல.

ஜூன் 6, வெள்ளி

காலையில் சாவி போட்டார். நான் அடுப்படி ஜன்னலில் நின்றேன்.

கிக்கரை மெல்ல மிதித்தார். ஹெட்லைட்டுக்கு மேல் இருக்கும் அந்தக் கரண்ட் மீட்டர் முள்ளைப் பார்த்தார். மறுபடி மிதித்தார், மறுபடி குனிந்து பார்த்தார். மூச்சு வாங்குகிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். அப்புறம் நிமிர்ந்து ஜன்னல் பக்கம் பார்த்தார். சட்டென்று தோசைக்கல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு உதைத்தார், உதைத்தார், உதைத்துக்கொண்டே இருந்தார். தோசை இரண்டு தீய்ந்துபோயிற்று. சட்டை தொப்பலாக நனைந்து உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"என்ன ஆச்சுங்க?" என்று கேட்டேன். என் குரலே எனக்குப் பொய்யாகக் கேட்டது.

"உதை விழுகல அம்மிணி. காலுல சத்துப் போச்சாட்ட இருக்குது."

வண்டியில் ஏதோ கோளாறு என்பார், பழைய மெக்கானிக்கைக் கூப்பிடுவார், அவரிடம் தனியாகச் சொல்லிவைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். தன் காலைக் குறை சொல்வார் என்று நினைக்கவே இல்லை. சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. பால் வண்டி ஞாபகம் வந்தது. விழுங்கிவிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

நேற்றும் உதைத்தார். இன்றும் உதைத்தார். ஓடாது என்று தெரிந்த பின்னும் பல் தேய்க்கிற மாதிரி தினமும் போய் உதைத்துவிட்டு வருகிறார்.

மத்தியானம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று, "அம்மிணி, கொடுமுடிக்காரங்க கல்யாணம் என்னைக்கு? பத்திரிகை இங்கதான இருந்துச்சு?" என்றார்.

"பழைய பேப்பரோட போட்டுட்டனாட்ட இருக்குதுங்க" என்றேன்.

"முகூர்த்த நேரம் பாக்கோணும். தேடிப் பாரு" என்றார்.

தேடுகிற மாதிரி பீரோவையெல்லாம் குடைந்தேன். மிச்சப் பத்திரிகை என் புடவை மடிப்புக்குள் இருக்கிறது. ஓரம் வெட்டிய பத்திரிகையை எப்படிக் காட்டுவேன்?

பாத்ரூம் நிலைப்படியில் கொஞ்ச நேரம் கால் நின்றது. பெரிதாக ஒன்றுமில்லை.

ஜூன் 11, புதன்

சோறு பாதிதான் சாப்பிட்டார். ரசத்தைக் குடித்துவிட்டுக் கை கழுவும்போது, "வித்துப்போடலாம்" என்றார்.

எதை என்று கேட்கவில்லை. "உங்க இஷ்டமுங்க" என்றேன், ஏதோ தேங்காய் விற்கிற பேச்சு மாதிரி. அப்புறம் கொல்லைப்பக்கம் போய்த் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான். நான் ஆசைப்பட்டதே அதுதானே.

ஜூன் 13, வெள்ளி

பழைய புல்லட் பிரியர்கள் ஏதோ குழு வைத்திருக்கிறார்களாம். வளர்மதி சென்னையிலிருந்தே அதில் படம் போட்டுவிட்டாள். காலையிலிருந்து ஃபோன் ஓயவில்லை. இவர் எல்லோரிடமும் முதலில் ஒரே கேள்விதான் கேட்கிறார்: "கியர் எந்தக் காலுல போடுவீங்க?"

ஒருவன் இடது கால் என்றான். வைத்துவிட்டார். இன்னொருவன் கல்யாண ஃபோட்டோ எடுக்கிறவன். மாப்பிள்ளை பெண்ணை உட்கார வைத்துப் படம் எடுக்க வேண்டுமாம், ஓடாவிட்டாலும் பரவாயில்லையாம். "அதுக்கு எதுக்குடா வண்டி, ஒரு கட்டில வாங்கிப் போட்டுக்க" என்று வைத்துவிட்டார். மூன்றாவது ஆள் சைலன்சரை மாற்றினால் சத்தம் எவ்வளவு வரும் என்று கேட்டான். அவனுக்கு விழுந்த வசவை இங்கே எழுத முடியாது.

இப்படியே ஆள் ஆளாக விரட்டிவிட்டு, கடைசியில் "இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டால்? இவருக்கு இன்னும் மூடியைக் கழற்றிப் பார்க்கத் தோன்றவில்லை. என்றைக்கு வேண்டுமானாலும் தோன்றும்.

ஜூன் 15, ஞாயிறு

ஒரு ஆள் தேறிவிட்டார். பேர் தாஜுதீன். பல்லடத்தில் பிஸ்கட் ஏஜென்சி நடத்துகிறார். வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். வலக்கால் என்று பட்டென்று சொன்னாராம். அதோடு நிற்காமல், "நியூட்ரலுக்குத் தனியா ஒரு குட்டி லீவர் இருக்குமுங்களே ண்ணா, அது உங்க வண்டில இன்னும் வேலை செய்யுதுங்களா?" என்று கேட்டிருக்கிறார். அவ்வளவுதான். இரண்டு பேரும் பொண்ணு வீடும் மாப்பிள்ளை வீடும் மாதிரி ரொம்ப நேரம் பேசினார்கள். அவரிடம் ஏற்கெனவே மூன்று பழைய வண்டிகள் இருக்கின்றனவாம், அவர் சம்சாரம் நாலாவதைக் கொண்டுவந்தால் வாசலைத் திறக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாளாம். அந்தப் பொம்பளையின் ஃபோன் நம்பர் கிடைத்தால் நான் கொஞ்சம் பேச வேண்டும்.

அடுத்த ஞாயிறு வருகிறார். ஃபோனை வைத்ததும் இவர் முகத்தில் வெளிச்சம். கை நடுக்கம்கூட இன்று குறைவு.

சிரித்துக்கொண்டே காய் நறுக்க உட்கார்ந்தவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வாங்க வருகிறவர் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காமல் வாங்குவாரா? ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் மூடியைக் கழற்றுவார். என் அட்டை வெளியே வரும், இவர் முன்னாலேயே. நானே முன்கூட்டி அட்டையை எடுத்துவிட்டால் வண்டி ஓடும். ஓடினால் இவர் காலில் சத்து இருக்கிறது என்று ஆகிவிடும். அப்புறம் விற்பாரா? மறுநாளே டீக்கடைக்குக் கிளம்பிவிடுவார்.

எப்படித் திருப்பிப் போட்டாலும் மாட்டிக்கொள்வது நான்தான்.

ஜூன் 17, செவ்வாய்

மாவு அரைக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மில்லுக்கு வெளியே நின்று தாஜுதீனுக்கு ஃபோன் பண்ணினேன். எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர், கேட், பால் வண்டி, அட்டை எல்லாம். அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"தம்பி, இருக்கீங்களா?"

"இருக்கேனுங்க்கா. என்ன அட்டைங்க்கா வச்சீங்க?"

"கல்யாணப் பத்திரிகை."

"ரொம்பக் கெட்டி அட்டையிங்களா? ரொம்ப நாள் இருந்தா பாயிண்ட் ஸ்பிரிங் தளந்துருமுங்களே..."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு மனுஷன் உயிரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன், இந்த ஆள் ஸ்பிரிங்கைப் பற்றிக் கேட்கிறார். "ஸ்பிரிங் போனா மாத்திக்கலாம், இவரு போனா எங்க போயி வாங்கறது?" என்று கேட்டேன். மில்லில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"தப்பா எடுத்துக்காதீங்க்கா" என்று பதறிவிட்டார். பாவம், நல்ல மனுஷன்தான். கடைசியில் ஒரு ஏற்பாடு பண்ணினோம். சின்ன யானை லாரி ஒன்றை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு வருவார். "எப்படியும் இஞ்சினைப் பிரிச்சு வேலை பார்க்கப் போறேன், இங்க ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று சொல்லி அப்படியே ஏற்றிக்கொண்டு போய்விடுவார். ஊருக்குப் போய் அட்டையை எடுத்துக்கொள்ள வேண்டியது.

"அண்ணன்கிட்டப் பொய் சொல்றது கஷ்டமா இருக்குதுங்க்கா" என்றார்.

எனக்கு மட்டும் என்ன இனிக்கிறதா?

ஜூன் 18, புதன்

கொல்லைப் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். செருப்பு வழுக்கியிருக்கும். புதுச் செருப்பு வாங்க வேண்டும்.

ஜூன் 20, வெள்ளி

இவர் வண்டிக்குப் பூப்பெய்திய பெண்ணுக்குச் செய்கிற மாதிரி எல்லாம் செய்கிறார். பெட்ரோல் வாங்கி வரச் சொல்லி பழையதை மாற்றினார். ஆயில் பார்த்தார். ஸ்போக் ஒவ்வொன்றாகத் துடைக்கிறார். வலது கைதான் வேலை செய்கிறது, இடது கை டேங்கின் மேல் சும்மா கிடந்து நடுங்குகிறது. அந்த வட்ட மூடியையும் துடைத்தார். சுற்றிச் சுற்றித் துடைத்தார். நான் காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். காபி ஆறியதுகூடத் தெரியவில்லை. துடைத்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விட்டார். கழற்றவில்லை.

இன்னும் இரண்டு நாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தால் மாரியம்மனுக்குத் தேங்காய் உடைக்கிறேன்.

ஜூன் 22, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

தாஜுதீன் சொன்னபடியே சின்ன யானையோடு வந்தார். குள்ளமான, வெள்ளைச் சட்டை போட்ட மனுஷன். எங்களுக்குக் கும்பிடு போட்டுவிட்டு நேராக வண்டியிடம் போய் நின்றார். டேங்கில் இருக்கும் தங்கக் கோட்டைத் தொடாமல் விரலை மட்டும் மேலேயே ஓட்டினார். "கையில போட்ட கோடுங்களா ண்ணா?" என்றார். இவர் தலையை ஆட்டினார். அப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்து எழுந்து, குனிந்து நிமிர்ந்து பேசியதில் எனக்குப் பாதி புரியவில்லை. விலையெல்லாம் ஒரு பேச்சிலேயே முடிந்துவிட்டது. அதற்குள் நான் பலகாரம் கொடுத்து, டீ கொடுத்து, "மழை வர்றாப்ல இருக்குதுங்க, ஏத்திப்போட்டா நல்லதுங்க" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டேன்.

"ஏத்தறதா? எதுக்கு?" என்றார் இவர்.

தாஜுதீன் என்னைப் பார்த்தார். "இல்லீங் ண்ணா, எப்படியும் இஞ்சினப் பிரிக்கப் போறேன்... அதான் ஸ்டார்ட் பண்ண வேண்டாமுன்னு..." பிஸ்கட் விற்கிறவருக்குப் பொய் சொல்ல வராதா? நெற்றியெல்லாம் வேர்வை.

"ஸ்டார்ட் பண்ணாமப் பழைய வண்டி வாங்கற ஆள இன்னைக்குத்தான் பாக்கறேன். உதைச்சுப் பாருங்க தம்பி."

"பெட்ரோல் பழசா இருக்குமுங்..."

"வெள்ளிக்கெழமதான் மாத்துனேன். உதைங்க."

வேறு வழியில்லை. அந்த மனுஷன் உதைத்தார். ஓடாது என்று தெரிந்தே, என்னைப் பார்த்துக்கொண்டே உதைத்தார். நான் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றியதில் விரலே சிவந்துவிட்டது. நாலைந்து உதைக்குள் அவருக்கு மூச்சிரைத்தது. இவர் நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார்:

"போதும் தம்பி. சும்மா உதைச்சுக் கால ஒடிச்சுக்காதீங்க. அதுக்குள்ள கல்யாணப் பத்திரிகை இருக்குது."

லாரியின் பின்பலகையில் உட்கார்ந்துவிட்டேன். தாஜுதீன் கிக்கரில் ஒரு காலை வைத்தபடி சிலையாகிவிட்டார். லாரி டிரைவருக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை, அவன் வடை தின்றுகொண்டிருந்தான்.

இவர் எழுந்து போய் ஸ்குரு டிரைவரை எடுத்து வந்தார். மூடியின் பள்ளத்தில் வைக்கப் பார்த்தார், கை நிற்கவில்லை. தாஜுதீன் வாங்கப் போனார். "இருங்க தம்பி. அவ கழட்டுவா. அவதான மாட்டுனா" என்றார்.

கழற்றினேன். அட்டையில் பிள்ளையார் படத்தின் பாதி வந்திருந்தது. அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "முகூர்த்தம் எப்பன்னு தெரியாமயே கல்யாணம் முடிஞ்சு போச்சு" என்றார். தாஜுதீனுக்குச் சிரிப்பு வந்து, அடக்கப் போய் இருமல் வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"எப்பத் தெரியுமுங்க?"

"மொத நாளே. சாவி போட்டா முள்ளு எடப்பக்கம் சாயோணும். கிக்கர அமுத்தி வர்றப்ப நடுவுக்கு வரோணும். நடுவுலயே நின்னுக்கிட்டு அசையவே மாட்டேன்னுருச்சு, பாயிண்ட்டு ரெண்டும் தொடலீன்னு அர்த்தம். அப்பறம் பத்திரிகையவும் காணோம். கரண்ட்டு ஆபீஸ்ல இத்தன வருசம் இருந்துருக்கேன், இதுகூடத் தெரியாதா எனக்கு?"

அந்த முள். அதை நான் மறந்தே போனேன். டார்ச் வெளிச்சத்தில் நான் பார்த்தது எல்லாம் பாயிண்டைத்தான். முள் இருப்பது மேலே, ஓட்டுகிறவர் கண்ணுக்கு நேராக.

"தெரிஞ்சுமா தினமும் உதைச்சீங்க? காலுல சத்துப் போச்சுன்னு எதுக்குங்க சொன்னீங்க?" எனக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை நாள் நான் பட்ட பாடு என்ன?

இவர் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அத உருவறதுக்கு எனக்கு எவ்வளவு நேரம் ஆகும் அம்மிணி? தெனமும் காத்தால அதுதான் நெனப்பு. உருவுனன்னா ஓட்டிருவேன். ஓட்டுனன்னா எவனையாச்சும் கொன்னுபோடுவேன். கை சும்மா இருந்தா மூடியக் கழட்டப் போயிரும். அதுக்கு உதைச்சுட்டு இருக்கலாமுன்னு உதைச்சேன். நீயா எடுத்தாத்தான் எடுக்கோணும், நானா எடுக்கக் கூடாதுன்னு வச்சிருந்தேன்."

தாஜுதீன் போய்த் தெருவைப் பார்த்து நின்றுகொண்டார்.

நான் மூடியை மாட்டினேன். இவர் கிக்கரை மெல்ல அழுத்தி, முள்ளைப் பார்த்து, ஒரே ஒரு உதை. டப் டப் டப் என்று பிடித்துக்கொண்டது. எதிர்வீட்டு மாடியில் ஆள் எட்டிப் பார்த்தது. இவர் ஏறி உட்கார்ந்தார். வலது காலால் கியர் போட்டார், டொக்கென்று விழுந்தது. ஓடிப் போய்ப் பின்னால் கேரியரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"விடு அம்மிணி."

"மாட்டேனுங்க."

"விடுங்கறேன்."

"கைய வெட்டுனாலும் விடமாட்டேன்!" தெருவே கேட்கிற மாதிரி கத்தினேன். அசிங்கமாக இருந்தால் இருக்கட்டும்.

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கியரை எடுத்துவிட்டு நியூட்ரலுக்குக் கொண்டுவந்தார். அப்புறம் மெல்ல, முன்சீட்டிலிருந்து பின்சீட்டுக்கு நகர்ந்து உட்கார்ந்தார். இவ்வளவு வருஷமாக நான் உட்கார்ந்து வந்த இடம் அது. இவர் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"தம்பி, ஏறுங்க. திருமூர்த்தி மலை ரோட்டுல ஒரு சுத்து போலாம். எந்தக் கியர்ல எப்படி இழுக்கும்னு காட்டறேன்."

தெரு முனை வேகத்தடையில் தாஜுதீன் வேகத்தைக் குறைத்தபோது, இவருடைய இடது கால் பின்னாலிருந்த மிதியை அழுத்து அழுத்தென்று அழுத்தியதைப் பார்த்தேன். அங்கே பிரேக் இல்லை.

அவர்கள் வர நேரமாயிற்று. தூறல் போட்டது. நனைந்த ரோட்டில் வண்டி சறுக்கினால் எந்த எலும்பு முதலில் உடையும் என்று எனக்கு நன்றாகத் தெரியும், அதனால் உட்கார முடியவில்லை. லாரி டிரைவருக்கு மூன்றாவது டீ கொடுத்தேன். கடைசியில் இரண்டு பேரும் தொப்பலாக நனைந்து, சுட்ட மக்காச்சோளத்தைக் கடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். இவர் இறங்கி, "நல்லாத்தான் ஓட்டறாரு. மேட்டுல மட்டும் அவசரப்படறாரு" என்றார். தாஜுதீன் பாஸான பையன் மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அதற்குப் பிறகு அவர் லாரியில் ஏற்ற மாட்டேன், ஓட்டிக்கொண்டுதான் போவேன் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே காலி லாரியை எடுத்தான். நான் முன்சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தேன். "எங்க வீட்டுக்காரிய நெனச்சு இன்னொண்ணு சேத்து வைங்க்கா" என்றார். வைத்தேன்.

வண்டி திரும்பியதும் இவர் உள்ளே போய்விட்டார். சத்தம் கேட்காமல் போகும்வரை நான்தான் வாசலில் நின்றேன்.

ஜூன் 23, திங்கள்

நன்றாகத் தூங்கினேன். எப்போது இப்படித் தூங்கினேன் என்று ஞாபகமே இல்லை.

மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்தாயிற்று. ஷெட்டைக் கழுவிவிட்டேன், துணி காயப்போட ஒரு கொடி கட்டலாம். தாஜுதீன் பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததாக ஃபோன் பண்ணினார். அவர் சம்சாரம் கதவைத் திறந்தாளாம், ஆனால் இன்னும் பேசவில்லையாம். இவர் சிரித்தார். இட்லி வழக்கத்தைவிட ஒன்று கூடச் சாப்பிட்டார்.

இனி எனக்கு என்ன பயம்? ஒன்றுமில்லை. வளர்மதியிடமும் அதையேதான் சொன்னேன்.

ஜூன் 25, புதன்

காலை மாத்திரை போட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது.

பாத்ரூமிலிருந்து தண்ணீர்ச் சத்தம் நின்று வெகுநேரம் ஆகியும் இவர் வெளியே வரவில்லை. போய்ப் பார்த்தேன். கதவைத் திறந்துகொண்டு நிலைப்படியில் நிற்கிறார். துண்டு தோளில் இருக்கிறது. வலது கால் வெளியே, இடது கால் உள்ளே. சின்ன நிலைப்படி, ஒரு சாண்கூட இல்லை.

"வாங்க" என்றேன்.

"வரமாட்டேங்குது."

முகத்தைப் பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிற முகம். மழையில் டிரான்ஸ்ஃபார்மர் மேல் ஏறிய மனுஷன். பால் வண்டியில் இடித்துவிட்டு வந்த அன்றுகூட அந்த டிரைவரை ஏசிக்கொண்டேதான் வந்தார்.

"பயமா இருக்குது அம்மிணி" என்றார். கதவிடம் சொல்கிற மாதிரி, மெல்லச் சொன்னார். "இன்னும் எத்தன நாளைக்கு இப்படி நிக்கோணுமோ தெரியல. கை போயி, காலு போயி, அப்பறம் பேச்சும் போயிருமா? நீ ஆஸ்பத்திரில பாத்திருப்பியே."

பார்த்திருக்கிறேன். இந்த நோய்க்காரர்கள் விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டு எங்கள் வார்டுக்கு வருவார்கள். அவர்களில் ஒருவரும் வண்டியிலிருந்து விழுந்தவர் இல்லை. நிலைப்படியில், பாத்ரூமில், கொல்லைப் படியில் விழுந்தவர்கள். எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே மூன்று வாரமாக அந்த வண்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி வீட்டை விட்டுப் போனால் எல்லாம் போய்விடும் என்று சாமிக்குத் தேங்காய்கூட உடைத்துவிட்டேன்.

"பயப்படாதீங்க, ஒண்ணுமில்ல" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். வாய் அதைச் சொல்லத் தயாராக இருந்தது. சொல்லவில்லை.

"எனக்கும் பயமாத்தானுங்க இருக்குது" என்றேன்.

இவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் இரண்டு கையையும் நீட்டினேன். இவருடைய ஈரமான இடது கை என் கைக்குள் நடுங்கியது, நான் இறுக்கிப் பிடிக்காமல் அப்படியே வைத்திருந்தேன். இரண்டு பேரும் அவசரப்படவில்லை. ஒரு பக்கம் இவரும் மறு பக்கம் நானும் அந்த நிலைப்படியில் நின்றோம். அடுப்பில் பால் பொங்கி வழிகிற வாசனை வந்தது. போய் அணைக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கால் வந்தது.